ரயிலுக்கு வரைந்த பனியன்

எழுதத் துணிந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்து என்றால் எனக்குச் சுவரில் நூல் பிடித்து, உயரம் பிரித்து, தூரிகையால் நிரப்புகிற ஓர் உருவம், அவ்வளவுதான். கடைப் பலகையில் ஆள் உயரத்துக்கு ஒரு ‘அ’ போடச் சொன்னால் கை நடுங்காது. தாளில் இப்படிப் பொடியாக எழுத உட்கார்ந்தால் நடுங்குகிறது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவன் என்று சொந்தத்தில் எனக்குப் பெயர். பேசவே வராதவன் எழுத வந்துவிட்டானா என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

எழுத வைத்தது இன்னொரு கேள்வி. பெருமாநல்லூரில் போர்டு எழுதுகிறவர் ஒருவர், ஏறக்குறைய என் வயதுக்காரர், போன மாதம் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க, மெட்ராஸ் போயிட்டு வந்தவங்க கை மட்டும் தனியாத் தெரியுதுங்களே. அங்க அப்படி என்னத்தத்தான் சொல்லிக் குடுக்கறாங்க?”

“ஒன்னுமில்லீங்க,” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். வேறு என்ன சொல்வதென்று அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது.

மெட்ராஸ் போவதற்கு முன் நான் போட்டதெல்லாம் பனியன் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள் படங்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மயில், தாமரை, கிளி ஜோடி, வேல் பிடித்த முருகன். மயில் என்றால் தோகையில் உள்ள ஒவ்வொரு கண்ணையும் தனியாகப் போடுவேன். எங்கள் திருப்பூரில் அப்படித்தான் போட வேண்டும். துணி பின்னுகிற மெஷினில் ஓர் ஊசி உடைந்தால் துணியில் மயிரிழை போல நீளக் கோடு விழும். அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தே பழகிய கண்கள் இங்கே எல்லோருக்கும். எதையும் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்த்தான் பார்ப்பார்கள்.

இருபத்திரண்டு வயதில் மெட்ராஸ் போனேன். சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் சினிமா பேனர் வரைகிற கொட்டகை. தகரக் கூரை. பேனர் இருபது அடிக்குக் குறையாது, ஆனால் நாலடி பின்னால் நகர்ந்தால் முதுகில் எதிர்ச் சுவர் இடிக்கும். அதனால் யாரும் முழுப் படத்தைப் பார்ப்பதில்லை. கட்டம் கட்டமாகப் பிரித்து, கையில் இருக்கிற சின்ன போட்டோவைப் பார்த்துப் பார்த்து, அவரவர் கட்டத்தை நிரப்புவோம். எனக்கு முதலில் வந்தது காதும் தோளும் சட்டையும். வெள்ளைச் சட்டை என்று போட்டோவில் இருக்கும். ஆனால் நீலத்தை எடு, மஞ்சளை எடு, ஊதாவைக் கலந்து அடி என்பார்கள். கிட்டத்தில் பார்த்தால் யாரோ அடித்துப் போட்ட உடம்பு மாதிரி கன்றிக் கிடக்கும். இதை எவன் சட்டை என்று நம்புவான் என்று நினைத்துக்கொண்டே அடிப்பேன்.

ஒரு நாள் மவுண்ட் ரோட்டில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். உட்கார இடமில்லை. யாரோ ஒருவருடைய கைக்கும் இன்னொருவருடைய தோளுக்கும் நடுவில் இருந்த சந்தில் வெளியே பார்த்தேன். ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. வெளுத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை. நான் அடித்த கட்டங்கள்தான் அவை. அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கி, ரோட்டைக் கடந்து, எதிர்ப் பஸ்ஸில் ஏறி, மறுபடி அதைக் கடந்து போனேன். மறுபடியும் வெள்ளையாகத்தான் இருந்தது. அன்றைக்கு வேலைக்கு நேரம் தவறிப் போனேன்.

கொட்டகையில் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த ஊரே அப்படிப் பழக்கியது. அங்கே எதையும் நின்று பார்க்க முடியாது. பின்னால் வருகிறவன் இடித்துவிட்டுப் போவான். பஸ் கடக்கிற நேரம்தான் நமக்குக் கிடைக்கும். அதற்குள் படம் பேசிவிட வேண்டும். யாரையும் தலை முதல் கால் வரை முழுதாகப் பார்க்கவும் முடியாது. கம்பியைப் பிடித்த கை, பாதி முதுகு, பூ வைத்த கொண்டை என்று துண்டு துண்டாகத்தான் மனிதர்கள் தெரிவார்கள். ஆறேழு வருஷத்தில் என் படங்களும் அப்படி ஆகிவிட்டன. முன்பு ஆளைச் சுற்றி நாலு பக்கமும் இடம் விட்டு, காலண்டர் சாமி மாதிரி நடுவில் நிறுத்துவேன். இப்போது கையோ தோளோ படத்துக்கு வெளியே போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். அதில்தான் உயிர் இருப்பதாகப் பட்டது.

அப்பா காலமான பிறகு அம்மா திருப்பூரில் தனியாக இருந்தார்கள். மெட்ராஸுக்கு வா என்றால், “அந்த உப்புத் தண்ணியில என்னால குளிக்க முடியாது கண்ணு,” என்று ஒரே பேச்சு. அம்மாவின் தம்பி, என் மாமா, சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். அதன் பின்சுவர் ரயில் பாதையைப் பார்த்து இருந்தது. நான் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது அம்மா தம்பியிடம் போய், “அந்தச் செவுத்த எம்பையனுக்குக் குடு தம்பி. ஒரு படம் போடட்டும். நல்லா வந்தா நாலு கம்பெனிக்காரங்க கூப்புடுவாங்க, இங்கயே இருந்துக்குவான். இல்லீன்னா அவன் ரயிலேறட்டும்,” என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது சிரித்த மாதிரிதான். ஆனால் அன்றே என் டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று.

ஆகவே அந்தச் சுவர்ப் படம் நின்றால் நான் ஊரில் இருப்பேன், அழிந்தால் மெட்ராஸ். எனக்கும் இருக்கத்தான் ஆசை. மெட்ராஸ் கொடுத்த கையோடு இந்த ஊரில் பிழைக்க முடியுமா என்பதுதான் தெரியவில்லை.

சாரம் கட்டி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி, பொடி வண்ணம் கலந்து வேலையை ஆரம்பித்தேன். காவி நிறப் பின்புலம். அதில் இடுப்புக்கு மேலே ஓர் ஆள், வெள்ளைப் பனியன் போட்டு, சுவரில் சாய்ந்தபடி சிரிக்கிறார். வலது கை பாதியோடு சுவரின் ஓரத்தில் முடிந்துவிடும். பனியனைத்தான் முதலில் முடித்தேன். தலையைச் சில நாள் கழித்து வைத்தேன்.

மாமா வந்து பார்த்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துணியைக் கைமுட்டியின் மேல் போட்டு இழுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. சாப்பிட உட்கார்ந்தால் தோசையைக்கூட ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிய்ப்பார். சுவருக்கும் சப்பாத்திக்கள்ளி வேலிக்கும் நடுவில் இருந்த சந்தில், படத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, அதே மாதிரி ஒரு கண்ணை மூடினார். அத்தையும் கூட வந்திருந்தார்கள்.

“மாப்ளே, நம்ம பனியன் என்ன நெறம்?”

“வெள்ளைங்க மாமா.”

“இதுல வெள்ளை எங்க இருக்குது? தொட்டுக் காட்டு பாக்கலாம்.” அவரே விரலால் தொட்டுக்கொண்டு போனார். “இது நீலம். இது மஞ்ச. இது கத்திரிக்கா நெறம். அக்குள்ல பச்ச வேற, பாசி புடிச்சாப்ல. சாயம் எறங்குன சரக்குன்னு ஊரெல்லாம் சிரிக்கறதுக்கா செவுத்தக் குடுத்தேன்?”

“சித்த தூரத்துல நின்னு பாத்தீங்கன்னா…”

“தூரத்துல நின்னு பாத்தா எங்க தாத்தன்கூட அழகுதான். வாங்கறவன் என்ன, தண்டவாளத்துக்கு அக்கட்ட நின்னுட்டா பனியன் வாங்கறான்? அப்பறம் இந்தக் கை எங்க? மீதியப் பக்கத்துக் கம்பெனிக்காரனுக்குக் குடுத்துட்டயா?”

அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். பிறகு சொன்னார்கள்: “ஏனுங்க, நீங்க மட்டும் வெளுக்கற எடத்துல கடைசித் தொட்டியில நீலம் போடாமயா எடுக்கறீங்க?”

“போடறதுதான் புள்ள. ஆனா அது தெரியக் கூடாது. போட்ட நீலம் தெரிஞ்சா சரக்கு திரும்பி வந்துரும்.”

அவர் சொன்னது சரிதானே. நொய்யல் கரையில் வெளுத்துக் காயப்போட்ட துணியின் வெள்ளையை நம்பித்தான் அந்தக் கம்பெனியே இருந்தது.

“கிருத்திகைக்கு ஊத்துக்குளி மலைக்குப் போயிட்டு வந்தர்றோம். அதுக்கு மக்யா நாள் காத்தால இந்தச் செவுத்துக்கு வெள்ளை அடிக்கறதுக்கு ஆளுக்குச் சொல்லிப்போட்டேன்,” என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை. என் தோளில் தட்டிக்கொடுத்துத்தான் சொன்னார். அம்மாவிடம் அவரே போய்ச் சொன்னார். அன்று மாலை அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, என் வேட்டி சட்டைகளை மடித்து வைத்தார்கள்.

கிருத்திகையன்று நாங்கள் நாலு பேரும், மாமா, அத்தை, அம்மா, நான், காலையிலேயே பஸ்ஸில் போய் மலையேறிக் கும்பிட்டோம். திரும்பும்போது பஸ்ஸில் ஏற முடியாத கூட்டம். பாசஞ்சர் வண்டியில் போய்விடலாம் என்றார் அத்தை. எங்கள் சுவர் இருக்கிற பக்கத்து ஜன்னல்களில் வெயில் அடித்தது. மாமா நிழல் பக்கம் போய் உட்கார்ந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தேன். எனக்கும் அந்தச் சுவரைப் பார்க்க வேண்டாம் போலிருந்தது. அம்மாவும் அத்தையும்தான் வெயில் பக்கம். அவர்களோடு வெண்ணெய்ச் சட்டியை மடியில் வைத்த ஓர் அம்மாள். எதிர் பெஞ்சில் தெற்கத்திக்காரர் ஒருவரும் அவர் மனைவியும். மில் வேலைக்கு வருகிறவர்கள் என்று மூட்டை முடிச்சைப் பார்த்தாலே தெரிந்தது.

ஊருக்கு வெளியே வண்டி மெதுவாகி, சிக்னல் கைகாட்டி விழாததால் நின்றுவிட்டது. எங்கே நின்றது என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

“ஏய், இங்க பாரு,” என்றார் தெற்கத்திக்காரர். “அந்த ஆளு போட்டிருக்க பனியன் என்னா வெள்ளையா இருக்கு பாரு. நீயும்தான் தொவைக்கிற, சாம்பக் கலர்ல.”

“அது செவுத்துல இருக்கு,” என்றாள் மனைவி. “வேர்க்குதா, புழுதி படுதா? அந்தாளுக்குப் பொண்டாட்டியா இருக்கவ குடுத்து வச்சவ.”

மாமாவின் முகத்துத் துண்டு அசைந்தது.

“நெசமாலுமே வெள்ளைதானுங்க,” என்றார் வெண்ணெய்க்கார அம்மாள். “இந்தா, எஞ்சட்டியில இருக்கற வெண்ணெய் கணக்கா. மொதல்ல பனியன் மட்டுந்தானுங்க இருந்துச்சு, தலையில்லாம. அப்ப இன்னும் நல்லா இருந்துச்சு. அப்பறம் ஆரோ கொண்டாந்து இந்த மூஞ்சிய வெச்சுப்போட்டாங்க.”

மாமா துண்டை எடுத்துவிட்டார். “மூஞ்சிக்கு என்னங்கம்மா?”

“சினிமாக் கொட்டாய்ல இருந்து எறங்கி வந்தாப்ல இருக்குதுங்க. பனியன் போட்டுட்டு ஆருங்க இப்படிச் சிரிக்கறாங்க? எங்கூட்டுக்காரரு பனியன் போட்டா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவாரு.”

பெட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “ஏனுங்கம்மா, அது எம்…” என்று தொடங்கினார்கள். நான் எட்டி அம்மாவின் காலை மிதித்தேன். அம்மா வாயை மூடிக்கொண்டார்கள்.

மாமா எழுந்தார். இரண்டு பேருக்கு நடுவில் குனிந்து, ஜன்னல் கம்பிக்கு வெளியே பார்த்தார். பழக்கத்தில் வலது கையைத் துணி பிடிக்கிற மாதிரி முகத்துக்கு நேரே தூக்கினார். பிடிக்க ஒன்றும் இல்லாததால் அது அப்படியே நின்றது. ஒரு கண்ணை மூடினார். பிறகு அதைத் திறந்து, மற்றதை மூடினார்.

“நீலந் தெரியல,” என்றார்.

சொல்லிவிட்டு உட்காரவில்லை. நானும் மெல்ல எழுந்து அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். வெள்ளை, அப்படி ஒரு வெள்ளை. மவுண்ட் ரோட்டு பஸ்ஸில் பார்த்த அதே வெள்ளை, கள்ளி வேலிக்குப் பின்னால், எங்கள் ஊரில்.

ஆனால் வண்டிதான் நகரவே இல்லையே. பஸ் என்றால் இதற்குள் போயிருக்கும். நின்ற இடத்திலேயே பார்க்கப் பார்க்க, எல்லோரும் பார்த்ததை நானும் பார்த்தேன். அந்த முகம் யாருடையது? கன்னத்தில் அந்தச் சதை, பாதி மூடிய கண், வரிசைப் பல். கொட்டகையில் ஆறேழு வருஷம் கட்டம் கட்டமாக நிரப்பிய கன்னம் அது. படம் மாறும், நடிகர் மாறுவார், எங்கள் கை அதே கன்னத்தைத்தான் போடும். திருப்பூரில் அப்படி ஒரு கன்னம் யாருக்கும் கிடையாது. மெட்ராஸ் எனக்கு வெள்ளையைக் கொடுத்திருந்தது. முகங்களைப் பார்க்கிற பழக்கத்தை என்னிடமிருந்து எப்போது எடுத்துக்கொண்டது என்று தெரியவில்லை. சட்டென்று கடந்துபோகிறவர்களுக்காக வரையக் கற்றேனே தவிர, நின்று பார்க்கிறவர்களும் இருப்பார்கள் என்பது மறந்துபோயிருந்தது.

கைகாட்டி விழுந்தது. வண்டி கிளம்பியதும் பனியன் பின்னால் போயிற்று. கடைசி வரைக்கும் அது வெள்ளையாகவே இருந்தது.

ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் மாமா நின்றார்.

“மாப்ளே, பனியன் இருக்கட்டும். தலைய மட்டும் அழிச்சுப்போடலாம்.”

“தலையில்லாத ஆளச் செவுத்துல நிறுத்துவாங்களா?” என்றார் அத்தை. “சாயங்காலம் மசங்கல்ல பாத்தா கொழந்தைக பயந்துக்கும்.”

“தலைய நாம விக்கறதில்லயே புள்ள.”

அம்மாவுக்கு அதற்குள் தைரியம் வந்துவிட்டது. “வேற தலை வெப்பான் எம்பையன். நம்மூருத் தலையா வெப்பான். ஏண்டா, வெப்பயா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

“சரி. சிரிக்காத தலையா வையி,” என்றார் மாமா. “கை அப்படியே போகட்டும். ரயில்ல பாத்தா அந்தக் கை செவுத்துக்குப் பின்னால எங்கியோ இருக்காப்லதான் இருக்குது. ஆனா ஒன்னு. முன்பக்கம் வாசலுக்கு ஒரு பலகை போடோணும். அது கிட்ட நின்னு பாக்கறது. அதுல மட்டும் நீலந் தெரிஞ்சுது, பலகைய உந்தலையில போட்டுருவேன். மெட்ராஸுக்கு எப்பக் கெளம்பறே?”

“போகலீங்க மாமா,” என்றேன். அன்று முழுக்க நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான் என்று அம்மா பிறகு பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

வாசல் பலகையை லேபிள் போடுகிற கையால் போட்டேன். மாமா முழம் தள்ளி நின்று பார்த்தார், குறை சொல்லவில்லை. சுவரின் முகம்தான் எளிதில் வரவில்லை. அதற்காக மறுபடி நின்று பார்க்கப் பழகினேன். பஸ் ஸ்டாண்டில், மங்கலம் ரோட்டு டீக்கடையில், அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறை வாசலில், வேலை முடிந்து பனியனோடு உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்ப்பேன். என் கூச்சத்துக்கு அது பெரிய சிரமம். அவர்கள் திரும்பிப் பார்த்தால் நான் வேறு பக்கம் பார்ப்பேன். கடைசியில் வந்த முகம் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. யாரோ கூப்பிட்டுத் திரும்புகிற முகம். இன்ன ஆள் என்று சொல்ல முடியாது. ஆனால் பல பேர் அது தங்கள் பங்காளி என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஊர்ச் சுவர்கள் எத்தனையோ. மெட்ராஸுக்கு ஒரு தடவை, கல்யாணத்துக்குப் பிறகு, வீட்டுக்காரிக்குக் கடல் காட்டப் போனேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. மவுண்ட் ரோடு முழுக்க அவள் கடைகளைப் பார்த்தாள். நான் பேனர்களில் இருந்த சட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெருமாநல்லூர்க்காரர் மறுபடி கேட்டால் இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது. படிக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஊத்துக்குளியிலிருந்து வந்த மறுநாள் காலையில் வெள்ளை அடிக்கிறவர் வந்தார். கழுத்துக்கு மேலே மட்டும் இரண்டு பூச்சு அடித்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அம்மா பெட்டியிலிருந்து துணிகளை எடுத்துக் கொடியில் போட்டார்கள். சுவர் காயாததால் அன்று வேறு வேலை நடக்கவில்லை.